பச்சை எரியும் முன்னே

லோகநாயகியின் குச்சி அன்றைக்குச் சாயங்காலம் மாட்டவில்லை.

முதல் தடவை மாட்டாதது பெரிய விஷயமில்லை. அந்தக் குச்சி யாருக்குமே முதல் தடவை மாட்டாது. திருப்பி வைத்தாலும் மாட்டாது. மறுபடி திருப்பி, முதலில் வைத்த மாதிரியே வைத்தால் சுருக்கென்று உள்ளே போகும். பழைய யூஎஸ்பி குச்சியைப் பார்த்துச் செய்ததாம். அதன் குணம் இதற்கும் வந்துவிட்டது என்று பிரிப்புக்கூடத்து ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் வரிசையில் நின்ற யாரும் கண்டுகொள்ளவில்லை.

மாட்டும் மேசைக்காரி ஜீனத் மூன்றாம் தடவையும் குச்சியை உருவினாள். நுனியைத் துப்பட்டாவில் துடைத்தாள். வாயால் ஊதினாள். லோகநாயகியின் பிடரியில் இருந்த செருகுவாயையும் ஒரு ஊது ஊதிவிட்டு, குச்சியை வைத்து அழுத்தினாள். மேசைத்திரையில் அதே வரிதான் வந்து நின்றது.

'இணைக்கப்பட்டது எதுவென்று அடையாளம் தெரியவில்லை.'

"என்னாம்மா, எம் பொண்டாட்டிய அதுக்கு அடையாளம் தெரியலையாமா?" என்றான் சஞ்சீவி. அவன் அவளுக்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டு, பிடரியைத் தேய்த்தபடி, அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கூடத்துக்குள் கம்பெனி பூட்ஸ்தான் போட வேண்டும். சாயங்காலம் தலை நிமிர்ந்ததும் அவள் முதலில் கேட்பது செருப்பைத்தான். "நிதானமா பாத்துச் சொல்லச் சொல்லு. கல்யாணத்தன்னிக்கு அவ போட்டுக்கிட்டிருந்த பவுடருல எனக்கே அடையாளம் தெரியல."

வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். ஜீனத் சிரிக்கவில்லை.

பிரிப்புக்கூடம் ஊருக்கு வெளியே உப்பங்கழி ஓரத்தில் இருந்தது. உலகத்தில் செத்துப்போன கணினி, கைப்பேசி, கம்பி எல்லாம் கப்பலில் வந்து அங்கே மலையாகக் குவியும். உடைத்து, பிரித்து, ஆசிட்டில் போட்டு, செம்பு தனி தங்கம் தனி என்று எடுக்க வேண்டும். இயந்திரக் கைக்கு அந்த வேலை படியாது. மனுசன் விரல்தான் வேண்டும். ஆனால் அந்தப் புகையில் மனுசன் நிற்க மாட்டான். நின்றாலும் நாலு நாளில் சண்டை போடுவான், அழுவான், ஓடிப்போவான். அதற்குத்தான் குச்சி வந்தது.

காலையில் மேசையில் தலையைக் குனிய வேண்டும். குச்சி ஆளை உறிஞ்சிக்கொள்ளும். ஆள் என்றால் நினைப்பு, பேச்சு, கோபம், பேர், ஊர் எல்லாம். குச்சியைக் கொண்டுபோய்ச் சுவரில் ஆணிப்பலகையில் தொங்கவிடுவார்கள். மிச்சம் நிற்கிற உடம்புக்கு வெறுங்கூடு என்று பேர். கூடத்து இயந்திரம் அந்தக் கூடுகளை ஓட்டிக்கொண்டு போய் வேலை வாங்கும். கம்பெனி பாஷையில் அது உடலியக்கி. ஆட்கள் வாயில் மேய்ப்பான். சாயங்காலம் கூடுகள் வந்து வரிசையில் நிற்கும். அவரவர் ஆளை அவரவர் பிடரியில் மறுபடி மாட்டிவிடுவார்கள். தலையைக் குனிந்தால் காலை, நிமிர்ந்தால் சாயங்காலம். நடுவில் ஒன்றும் கிடையாது. தூக்கம்கூடக் கிடையாது, தூங்கினால் தூங்கினோம் என்றாவது தெரியும்.

"வேலைக்குப் போவாமலே வேலை முடிஞ்சுடுதுடி" என்று சேர்ந்த புதிதில் லோகநாயகி சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். உடம்பு வலி மட்டும் வீட்டுக்கு வரும். எங்கே இடித்தது, எது கிழித்தது என்று தெரியாது. சில நாள் அவள் விரல் காயத்தில் துணிக்கிழிசல் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கும். மேய்ப்பானுக்குக் கட்டுப் போடத் தெரியாதே, இதை யார் கட்டியது என்று இரண்டு பேரும் யோசிப்பார்கள். அதற்குள் சோறு வெந்துவிடும். மறந்துபோவார்கள்.

"என்னா கூட்டம் இங்க?" என்று மேஸ்திரி கிருபாகரன் வந்தார். திரையைப் பார்த்தார். லோகநாயகியின் கூட்டைப் பார்த்தார். அது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நின்றது. "வேற மேசையில போட்டுப் பாரு."

வேறு மேசையில் போட்டார்கள். அடையாளம் தெரியவில்லை.

"படுக்க வச்சு எழுப்பு."

பெஞ்சில் படுக்கவைத்து, மேய்ப்பானின் பிடியை அணைத்து, கொஞ்சம் விட்டு மறுபடி எழுப்பினார்கள். எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் செய்கிற வைத்தியம் அது. பாதிக் கோளாறு அதிலேயே போய்விடும். இது போகவில்லை.

"இயக்கி பழசாயிருக்கும். புதுசு ஏத்திப் பாரேன்."

"ஏத்திட்டேன் மேஸ்திரி. ரெண்டு தடவை ஏத்திட்டேன்."

"அப்ப குச்சிதான் செத்துப்போச்சு" என்றார் கிருபாகரன்.

சஞ்சீவியின் கையிலிருந்து ஒரு செருப்பு கீழே விழுந்தது. குச்சி செத்துப்போச்சு என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வரிசை சத்தமில்லாமல் ஓர் அடி பின்னால் போனது.

"சாவல" என்றான் சஞ்சீவி. "நீங்களா சொல்லாதீங்க. வேற கூட்டுல போட்டுப் பாத்தாத்தானே தெரியும்? என் கூட்டுல போடு ஜீனத்தும்மா. என்னைக் கழட்டிட்டு அவளைப் போட்டுப் பாரு."

"புருசனும் பொண்டாட்டியும் ஒரே கூட்டுல. நல்லாயிருக்கே குடித்தனம்" என்றார் மேஸ்திரி. சொன்னாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சஞ்சீவி மேசையில் தலையைக் குனிந்தான்.

நிமிர்ந்தான்.

கன்னம் ஈரமாயிருந்தது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வலது கை லோகநாயகியின் கூட்டுடைய கையை இறுகப் பிடித்திருந்தது. பிடித்தது அவன் இல்லை. ஜீனத் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்; அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"வந்தாளா?"

"வந்தாங்கண்ணே. குச்சில ஒரு குறையும் இல்ல. முழுசா இருக்காங்க."

"என்ன சொன்னா?"

"மொதல்ல மூஞ்சியத் தடவிப் பாத்துட்டு, 'என்னாடி இது, மீசை குத்துது'ன்னாங்க."

சஞ்சீவி சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகிவிட்டது.

"அப்புறம் எதுக்க நிக்கிற அவங்க கூட்டைப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. 'ஜீனத்து, இது வெறுங்கூடு இல்லடி. கண்ணப் பாரு, அழுவுது'ன்னாங்க. புகையில அப்படித்தான் ஒழுகும்னு சொன்னேன். கேக்கல. கிட்டப் போயி, அது மோவாயப் புடிச்சி, 'யாரு?'ன்னு கேட்டாங்க."

"ம்."

"'நான்தான்'னுச்சுண்ணே."

அந்தச் சொல்லில் ஒரு கதை இருந்தது. கூடத்தில் சேருகிற அன்றைக்கு, மேசை ஒவ்வொருவரையும் 'யாரு?' என்று கேட்டுக் குரலைப் பதிந்துகொள்ளும். இதைச் செய்த பொறியாளர்கள் வேறு தேசத்துக்காரர்கள். கேட்டால் எல்லாரும் பேரைச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தார்கள். நம் ஆட்கள் கதவைத் தட்டினவன் மாதிரி ஒருத்தர் பாக்கியில்லாமல் 'நான்தான்' என்றார்கள். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பதில் அது ஒன்றுதான். குரல் வித்தியாசம் போதும் என்று பொறியாளர்களும் விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் தினமும் குச்சி உள்ளே போகும்போது கூடு 'யாரு?' என்று கேட்கும்; குச்சி 'நான்தான்' என்று சொல்லும்; வழி விடும்.

இப்போது கூட்டுக்குள்ளிருந்தே ஒரு குரல் நான்தான் என்கிறது. அதே குரல்.

"எப்பிடி வந்துச்சு அது உள்ள?" என்றான்.

ஜீனத் குச்சியின் வால் பக்கத்தைக் காட்டினாள். அதில் கடுகளவு விளக்கு இருந்தது. "காலையில ஆளை உறிஞ்சி முடிச்சதும் இது பச்சையா எரியணும். எரிஞ்சாத்தான் பத்திரமா உருவலாம். என்னிக்காவது எரிஞ்சு பாத்திருக்கியாண்ணே?"

அவன் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. காலையில் பின்னால் வரிசை முட்டும். மேஸ்திரி "உருவு, உருவு, நகரு" என்று கத்துவார். பின்னால் நிற்கிறவர் முன்னால் நிற்கிறவரின் குச்சியை உருவி ஆணியில் மாட்டிவிட்டுத் தான் குனிய வேண்டும் என்பது கூடத்து வழக்கம். லோகநாயகிக்குப் பின்னால் எப்போதும் சஞ்சீவிதான் நிற்பான். "உருவுய்யா, எந்நேரம் குனிஞ்சிருக்கிறது" என்று அவளே சொல்லுவாள்.

"மாவு ஆட்டி வழிச்சப்புறம் கிரைண்டருல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்குமில்ல, அந்த மாதிரி" என்றாள் ஜீனத். "தெனம் தெனம் கொஞ்சம் உள்ளயே நின்னுடுச்சு. கழுவவே இல்ல. அது அப்பிடியே சேந்து, புளிச்சு, பொங்கிடுச்சு. அதுவும் லோகாக்காதாண்ணே. வேலைக்குப் போன லோகாக்கா."

கிருபாகரன் திரும்பினார். பச்சை எரியட்டும் என்று அவர் ஒரு காலையிலும் சொன்னதில்லை. அது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குரலைத் தேவைக்கு மேல் உயர்த்தினார். "கை ஓடுது, காலு ஓடுது. கம்பெனியப் பொறுத்தவரைக்கும் கூட்டுல பழுது இல்ல. ஆளை எறக்குறது உங்க பாடு."

"அப்ப நான் யாரக் கூட்டிக்கிட்டுப் போறது வீட்டுக்கு?"

"உள்துடைப்புன்னு ஒண்ணு இருக்கு. உள்ள தங்கினது எல்லாத்தையும் சுத்தமா அழிச்சிடும். அப்புறம் குச்சி தானா போவும். மேலிடத்துல அனுமதி கேக்கணும், நாளைக்கு ஆவும். சொந்தக்காரங்க சரின்னு சொல்லணும். சரியா?"

"சரி" என்றான் சஞ்சீவி. யோசிக்கவே இல்லை. "துடைச்சிடுங்க."

அவன் பிடியில் இருந்த கை மெல்ல உருவிக்கொண்டது.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத" என்று ஜீனத் கிளம்பும்போது தணிந்த குரலில் சொன்னாள். "திருப்பி உன்னை மாட்டும்போது, உனக்கும் நாலாவது தடவைதாண்ணே மாட்டுச்சு."

*

குச்சி சட்டைப் பையிலும் கூடு பக்கத்திலுமாக அவன் நடந்தான். அவள் செருப்பை அவனே குனிந்து மாட்டிவிட்டான். வலது இடது தெரியாமல் காலை நீட்டினாள்.

கழிக்கரை மேட்டில் ஏறினதும் அவள் நின்றுவிட்டாள். தொழிற்சாலைப் புகைக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர், சேறு, அதில் நின்ற கொக்கு எல்லாம் செம்புத் தகடு மாதிரி இருந்தன.

"சாயங்காலம்னா இதுதானா?" என்றாள்.

லோகநாயகியின் குரல்தான். அதனால்தான் அவனுக்குத் தாங்கவில்லை. "வாய மூடிக்கிட்டு வா" என்றான்.

வாயை மூடிக்கொண்டாள். கூடத்தில் பேசினால் மேய்ப்பான் பிடரியில் சுண்டும். அந்தப் பயம் அவளுக்குப் பழகியிருந்தது.

வீடு என்பது கம்பெனி லைனில் ஓர் அறை. அவள் வாசலிலேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மின்விசிறியை, நாள்காட்டியை, கொடியில் கிடந்த தன் நைட்டியை. இந்தக் கைகள் துவைத்த துணி. இந்தக் கைகள் தேய்த்த பாத்திரம். ஆனால் அவள் இங்கே வந்ததே இல்லை.

சோறு வடித்து, ரசம் வைத்துத் தட்டில் போட்டான். லோகா பட்டினி கிடக்கக் கூடாது, உடம்பு அவளுடையதாயிற்றே என்று நினைத்துத்தான் போட்டான். அவள் ஒரு வாய் வைத்தாள். மென்றதை விழுங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சூடா இருக்கு" என்றாள்.

"ஆமா."

"கூடத்துல கஞ்சி ஆறிப்போயி வரும். ஆசிட்டு நாத்தம் அடிக்கும்." தட்டைப் பார்த்தபடியே பேசினாள். "எங்களுக்குத் தலைய குனிஞ்சா சாயங்காலம், நிமிந்தா காலை. நடுவுல ஒண்ணும் கெடையாது. கூடம் முடிஞ்சா கூடம். வெளியில என்னமோ இருக்குன்னு அவரு சொல்லுவாரு. நான் நம்பினதில்ல."

"எவரு?"

நிமிர்ந்து அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். காய்கறிக் கடையில் ஒரே மாதிரி இருக்கிற இரண்டில் எது நல்லது என்று பார்க்கிற மாதிரி.

"நீ இல்ல. கஞ்சி ஊத்துறவரு."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். மேஸ்திரி ஒரு நாள் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது: "உன் கூடும் உன் பொண்டாட்டி கூடும் எப்பவும் ஒட்டிக்கிட்டேதான்யா உக்காருது. மேய்ப்பான் எத்தனை தடவை பிரிச்சு உக்கார வச்சாலும் நகந்து நகந்து வந்துடுது. உன் கூடு தன் கஞ்சியில பாதிய அதுக்கு ஊத்துது." அன்றைக்கு அவனும் லோகாவும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பழக்க தோசம் என்றாள் லோகா. விரலில் துணிக்கிழிசல் கட்டினது யார் என்று இப்போது அவன் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"என்னைத் துடைக்கச் சொல்லிட்ட" என்றாள் அவள்.

"என் லோகாவுக்கு எடம் வேணும்."

"நானும் லோகாதான். ஊர்ல எங்கம்மா ஆட்டுக்குட்டிக்கு எம் பேர வச்சது எனக்கும் ஞாபகம் இருக்கு. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஞாபகம் இருக்கு." விரலை நக்கிவிட்டு, வெட்கப்பட்டு முந்தானையில் துடைத்தாள். "அவ பட வேண்டியதெல்லாம் நான் பட்டேன். அவ இதெல்லாம் தின்னா."

அவனுக்குக் கோபம்தான் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டுபோய் ஓசை வரக் கழுவினான்.

காலையில் அவள் எழுந்து வரமாட்டேன் என்றாள். இழுத்துப் பார்த்தான். கட்டில் காலைக் கட்டிக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. பலத்தைக் காட்டினால் அடிபடப் போவது லோகாவின் உடம்புதான். விட்டுவிட்டு வெளியே வந்தான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"யாரு தட்டினாலும் யாருன்னு கேப்பேன்" என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "உனக்குத் தொறக்க மாட்டேன். அவருக்குத்தான் தொறப்பேன்."

*

மேலிடத்து அனுமதி வந்திருந்தது. கிருபாகரனே கொஞ்சம் இளகியிருந்தார். "சாயங்காலம் ஜீனத்த துடைப்பானோட வீட்டுக்கே அனுப்புறேன். ஆனா நீ இன்னிக்கு உன் கூட்டை வேலைக்கு எறக்கு. பொண்டாட்டியும் வரல நீயும் வரலன்னா மேல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது?"

"கதவத் தொறக்க மாட்டேங்கிறாளே. கூடத்துல என் கூட்டுக்குள்ள இருக்கானே, அவனுக்குத்தான் தொறப்பாளாம்."

"உங்கிட்ட இருக்கிறதும் அதே குரல்தானேய்யா? நான்தான்னு சொல்லு. தொறந்துட்டுப் போறா."

அதுவும் சரியாகத்தான் பட்டது. 'கஞ்சி ஊத்துறவரு' வந்திருக்கிறார் என்று அவள் நம்பித் திறப்பாள். திறந்ததும் ஜீனத் பிடரியில் துடைப்பானை வைத்துவிடுவாள். அவ்வளவுதான் வேலை. பொய்தான். ஆனால் யாரிடம் பொய்? கிரைண்டரில் ஒட்டின மாவிடம். இப்படிச் சொல்லித்தான் அவன் மனசை ஆற்றிக்கொண்டான். ரசச்சோற்றை விழுங்காமல் வைத்திருந்த முகம் மட்டும் ஆறவிடாமல் நடுவில் வந்து வந்து போனது.

லோகாவின் குச்சியைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் பின்னால் திரும்பிச் சொன்னான். "தோ பாரு, பச்சை எரியட்டும். எரிஞ்சப்புறம் உருவு."

பின்னால் நின்றவன் தலையை ஆட்டினான். சஞ்சீவி குனிந்தான். வாலில் ஏதாவது எரிகிறதா என்று கண்ணை ஓரமாகத் திருப்பிப் பார்த்தான். வரிசை முட்டியது. "உருவு, உருவு, நகரு" என்று கிருபாகரனின் குரல் கேட்டது. "பச்சைய்யா, பச்சை" என்று சொல்ல வாயெடுத்தான்.

சாயங்காலம் ஆகிவிட்டது.

ஆனால் உடனே ஆகவில்லை. முதலில் ஜீனத்தின் குரல் வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. கதவிடுக்கில் நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. கடைசியில் நிமிர்ந்தபோது ஜீனத்தின் நெற்றியில் வேர்வை வழிந்தது.

"எத்தனாவது தடவை?"

"மாட்டிடுச்சுல்ல, விடுண்ணே" என்றாள். அவன் கண்ணைப் பார்க்காமல் துடைப்பான் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

நாக்கில் ஆசிட் நாற்றம் அடித்தது. கஞ்சியின் ருசி. இத்தனை காலத்தில் ஒரு நாளும் அது சாயங்காலம் வரைக்கும் வந்ததில்லை.

இரண்டு பேரும் கழிக்கரை மேட்டில் ஏறினார்கள். மேட்டின் உச்சியில் அவன் கால்கள் நின்றன. நிற்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. அவசரம் அவனுக்கு. ஆனால் கால்கள் நின்றுவிட்டன. கழுத்து மேற்கே திரும்பிவிட்டது. சூரியன் நேற்று மாதிரியே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. சாயங்காலத்தைப் பார்த்து அழுகிற வயசா இது என்று நினைத்தான். கழுத்தைத் திருப்பப் பார்த்தான். உடனே திரும்பவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் வேலை ஏவின மாதிரி, அது தன் இஷ்டத்துக்குப் பார்த்து முடித்துவிட்டு அப்புறம்தான் திரும்பியது.

"என்னாண்ணே?"

"ஒண்ணுமில்ல" என்று பதில் போனது. சொன்னது தான்தானா என்று அவனுக்குச் சந்தேகமாயிருந்தது.

லைன் வீட்டு வாசலில் ஜீனத் சுவரோரமாக ஒதுங்கி நின்று பெட்டியைத் திறந்தாள். துடைப்பான் பார்க்கச் சின்னதாய், சீப்பு மாதிரி இருந்தது. சஞ்சீவி சட்டைப் பையைத் தொட்டான். இதோ லோகா, இன்னும் கொஞ்ச நேரம். செருப்பு எங்கே என்று கேட்பாய். உள்ளேதான் இருக்கிறது. நானே எடுத்து மாட்டிவிடுகிறேன்.

கதவைத் தட்டினான்.

உள்ளே நடமாட்டம் நின்றது. "யாரு?"

எப்படிச் சொன்னால் கஞ்சி ஊத்துறவனைப் போல இருக்கும் என்று சஞ்சீவி யோசித்தான். அந்த இன்னொருத்தன் எப்படிச் சொல்லுவான்? தணிவாகவா? களைப்பாகவா? மூச்சை இழுத்தான்.

"நான்தான்" என்றது அவன் வாய்.

அவன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

தாழ்ப்பாள் படாரென்று விலகியது. லோகநாயகியின் முகம் கதவு நிறைய வந்தது. அவனை, அவன் கண்ணை, கண்ணுக்கு உள்ளே எதையோ பார்த்தது. பார்த்ததும் அந்த முகத்தில் வந்த சிரிப்பை சஞ்சீவி கல்யாணத்தன்றுகூடக் கண்டதில்லை. "வந்துட்டியாய்யா" என்றாள். "வா, சோறு சூடா இருக்கு."

ஜீனத் துடைப்பானை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவன் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. முரட்டுப் பிடி இல்லை. காயத்துக்குக் கட்டுப் போடுகிற கை.

"வேணாம்மா" என்றது வாய். "யாரையும் துடைக்க வேணாம்."

'ஜீனத்து, அது நான் இல்ல' என்று சஞ்சீவி கத்தினான். கத்தல் தொண்டைக்கு வரவில்லை. எங்கேயும் வரவில்லை.

"சஞ்சீவிண்ணே?" என்றாள் ஜீனத். "யாரு... யாரு பேசுறது?"

"அதான் சொன்னனே. நான்தான்." கை சட்டைப் பைக்குள் போய் லோகாவின் குச்சியை எடுத்தது. விரலால் ஒரு தடவை தடவி, ஜீனத்தின் உள்ளங்கையில் வைத்து மூடியது. "இத ஆணியில மாட்டி வை. காலையில நாங்க ரெண்டு பேரும் மேசைக்கு வர்றோம். யாருன்னு கேட்டா நாங்க மொதல்ல சொல்லிக்கிறோம். வேற வெறுங்குச்சியில எங்களை உறிஞ்சி எடு, ஆணியில நாங்க தொங்குறோம். எங்களை எடுத்ததும் இந்தக் குச்சியில இருக்கிறவங்கள அவங்க கூட்டுல விடு. சஞ்சீவி ஏற்கெனவே இந்தக் கூட்டுக்குள்ளதான் இருக்காரு."

"அப்ப கூடத்துல..."

"கூடத்துக்கு அவங்க போவட்டும். சாயங்காலம் ஆனதும் எங்களை மறுபடி மாட்டு." வாய் பழக்கமில்லாத மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தது. "பச்சை எரியறவரைக்கும் பொறும்மா. நாங்க கொஞ்சம்கூட உள்ள தங்கிடக் கூடாது."

கதவு மூடியது. ரச வாசனை வந்தது. இரண்டு பேர் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரு கை தட்டிலிருந்து பாதிச் சோற்றை எடுத்து மற்ற தட்டில் வைத்தது.

சஞ்சீவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்க மட்டும்தான் முடிந்தது. காலையில் கூடத்துக்குள் முதல் தடவையாக முழித்துக்கொண்டு போகப்போகிறான். அங்கே புகை எந்தப் பக்கமிருந்து வரும், எங்கே உட்காரச் சொல்வார்கள் என்று எதுவும் அவனுக்குத் தெரியாது. லோகாவும் வருவாள். தலை நிமிர்ந்ததும் செருப்பு எங்கே என்று கேட்க வாயெடுப்பாள், பிடரியில் சுண்டும்.

கஞ்சி நேரத்தில் எப்படியாவது நகர்ந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.